பின் இடது சக்கரம்

மே மாதம் பிறந்தால் நாமக்கல் பக்கத்தில் இரண்டு வகை மனிதர்களுக்குத் தூக்கம் போய்விடும். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒரு வகை. பள்ளிக்கூட வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வண்டிக்கு எப்சி வாங்கியாக வேண்டும். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று அரசாங்கம் கொடுக்கும் சான்றுக்குத்தான் அந்தப் பெயர். அதன் முழுப்பெயர் பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? இந்த ஊர்ப்பக்கம் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதற்குப் பதில் 'எப்சி ஆச்சா' என்று கேட்டாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சண்முகப்பிரியாவுக்கும் அந்த மே மாதம் தூக்கம் போனது. ஆனால் காரணம் வேறு.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அவளுடையது. வயது முப்பத்து நான்கு. கணவன் சபரிநாதன் போர்வெல் போடும் ரிக் வண்டியில் மேனேஜர். வருஷத்தில் பத்து மாதம் சத்தீஸ்கர் மண்ணைத் துளைத்துக்கொண்டிருப்பான். மீதி இரண்டு மாதம் ஊருக்கு வந்து, அந்தப் பத்து மாதத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்குவான். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பிரியா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய வேன் ஒன்றை வாங்கி, மூன்று வருஷமாகச் சுற்றுவட்டாரப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிறாள். மொத்தம் பதினான்கு பிள்ளைகள். காலையில் ஏறும்போது பூப்போல ஏறும், சாயங்காலம் இறங்கும்போது புழுதி மூட்டையாக இறங்கும். இறங்குகிற ஒவ்வொன்றையும் எண்ணிப் பெற்றவர்கள் கையில் ஒப்படைத்த பிறகுதான் அவளுக்குக் காப்பி இறங்கும்.

அந்த வேனில் ஒரு கோளாறு இருந்தது. போன வருஷம் பள்ளி திறந்த நாளிலிருந்தே இருந்தது. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும். நிற்காமல் இல்லை. ஆனால் நிற்பதற்குள் வலது பக்கமாக ஓர் இழுப்பு இழுக்கும். வலது பக்கம் என்றால் எதிரே வண்டி வருகிற பக்கம்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, நிறை வண்டியாகப் போய்க்கொண்டிருந்தபோது நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரியா ஏறி மிதித்தாள். வேன் நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது. எதிரே முட்டை ஏற்றி வந்த மினி லாரிக்காரன் எப்படியோ ஒடித்து மண்ணில் இறக்கித் தப்பித்தான். தப்பித்த கையோடு அவள் குலத்தையும் கோத்திரத்தையும் ஒரு நிமிஷம் விசாரித்துவிட்டுப் போனான். பிள்ளைகள் எல்லாம் கைதட்டிச் சிரித்தார்கள், ஏதோ தூரியில் ஊஞ்சலாடின மாதிரி. அவள் மட்டும் இறங்கி, பதினான்கு தலையையும் ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.

இந்த வண்டியில் என்ன கோளாறு, இதில் பிள்ளைகளை ஏற்றலாமா கூடாதா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

ஆளில்லை என்று சொன்னால் கதிர்வேலுக்குக் கோபம் வரும். கதிர்வேல் சபரிநாதனின் அக்கா வசந்தாமணியின் வீட்டுக்காரர். முறைக்குப் பிரியாவுக்கு அண்ணன். மல்லசமுத்திரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்து இருபது வருஷமாகிறது. கைராசிக்காரர், நல்ல மனிதர். பாதி ராத்திரியில் வண்டி நின்றுபோனது என்று கூப்பிட்டாலும் லுங்கியோடு கிளம்பி வருவார். அவருடைய ஒரே மகள் தனப்பிரியா நான்காம் வகுப்பு. பிரியாவின் வேனில் போகும் பதினான்கு பேரில் அவளும் ஒருத்தி. 'எங்க அத்தை வண்டி' என்று சொல்லி ஜன்னலோர இடத்தை யாருக்கும் விடமாட்டாள்.

மே மாதம் இரண்டாவது வாரம் பிரியா வேனை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனாள். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஏழெட்டு மஞ்சள் வண்டிகள் வரிசையாக நின்றன. பெயிண்ட் வாடை மூக்கை அடைத்தது.

"ஏனுங்கண்ணா, பிரேக் புடிச்சா வண்டி வலது பக்கமா இழுக்குதுங்க. முன்னயே ரெண்டு தடவ சொன்னனுங்க."

கதிர்வேல் ஏறி உட்கார்ந்து பெடலை நாலு தரம் மிதித்துப் பார்த்தார். "பெடலு கல்லாட்ட நிக்குது அம்மிணி. காத்தும் இல்ல, ஆயில் லீக்கும் இல்ல. இதைய உட நல்ல பிரேக்கு எங்க இருக்குது?"

"அப்பறம் ஏனுங்க இழுக்குது?"

"ரோடு சாய்வா இருந்தா இழுக்கும். டயர்ல காத்து முன்னப்பின்ன இருந்தா இழுக்கும். பயந்துட்டே மிதிச்சா, இழுக்காட்டியும் இழுக்கற மாதிரியே தெரியும்." அவர் குத்தலாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே பாசமாகத்தான் சொன்னார். "பெயிண்டரு புதங்கெழமை வாரான். மஞ்சப் பெயிண்டு, ஸ்டிக்கரு, சீட்டுக்கு ரெக்சினு, அம்புட்டும் நான் பாத்துக்கறேன். நீ ஊட்ல நிம்மதியா இரு. எப்சி ஊடு தேடி வரும்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். லாரிக்கு உடம்பு கட்டி ஊர் ஊராக அனுப்புகிற சீமை இது. வண்டியைப் பற்றித் தெரியாதவர்கள் இங்கே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில்கூட எப்சி என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது பெயிண்ட்தான். சந்தைக்குப் போகிற மாட்டுக்குக் கொம்பு சீவுகிற மாதிரி. பல்லைப் பிடித்துப் பார்ப்பவன் வருவான் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை.

பிரியா தலையாட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் அதைக் கவனித்தாள். பக்கத்தில் நின்ற வேனிலிருந்து நான்கு டயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நல்ல புத்தம்புது டயர்கள். கழற்றிவிட்டு அதே இடத்தில் பழசைப் பூட்டினார்கள். புதுசை உருட்டிக்கொண்டுபோய் அடுத்த வேனுக்குப் பக்கத்தில் சாய்த்தார்கள்.

"அது எதுக்குங்கண்ணா?"

"அது எப்சி டயரு அம்மிணி. உன்ற வண்டிக்கும் புதங்கெழமை அதேதான் மாட்டோணும். எப்சி ஆனதீம் கழட்டிக்கலாம்."

அந்த மே மாதத்தில் மட்டும், அதற்குள்ளாகவே, அந்த நான்கு டயர்களும் ஒன்பது முறை பாஸாகியிருந்தன. வகுப்பில் இருக்கிற மக்குப் பையன்களுக்கெல்லாம் ஒரே ஒரு கெட்டிக்காரன் போய்ப் பரீட்சை எழுதிக் கொடுத்தது மாதிரி. பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் சிரிப்பு அடங்கிப்போனது. தன் வண்டியும் இப்படித்தானே போன வருஷம் பாஸாகியிருக்கும் என்று நினைத்தாள்.

நாமக்கல்லுக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையை ஒட்டி, அரசாங்கமே நடத்தும் வாகனச் சோதனை நிலையம் ஒன்று சமீபத்தில் வந்திருந்தது. வழக்கமான ஆபீசில் கண்ணால் பார்த்தே எப்சி கொடுத்துவிடுவார்கள்; இங்கே வண்டியை மேலே ஏற்றினால் இயந்திரமே பார்த்துச் சொல்லிவிடுமாம். பள்ளி வண்டிக்காரர்கள் யாரும் அங்கே விரும்பிப் போவதில்லை. 'கவருமெண்டு எடம், நாள் முழுக்க நிக்க வெப்பான்' என்றார்கள் சிலர். 'சின்னக் குத்தத்தையும் பெருசாக்கிப் பெயில் போட்டுருவான்' என்றார்கள் மற்றவர்கள். இரண்டாவதைக் கேட்டதும்தான் பிரியாவுக்கு அங்கே போக வேண்டும் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் சபரிநாதனிடம் போனில் சொன்னாள். அவனுக்குப் பின்னால் ரிக் இரைந்துகொண்டிருந்தது.

"மச்சான்கிட்டயே உட்ரு பிரியா. எதுக்கு வம்பு? பெயில்னு போட்டுட்டானா, ஸ்கூல் தொறக்கறப்ப வண்டி ஓடாது. புள்ளைகள வேற வண்டிக்கு மாத்திருவாங்க."

"மாத்துனா மாத்தட்டுமுங்க. எனக்குத் தெரிஞ்சாவோணும்."

"சரி, உன்ற வண்டி. அக்காகிட்ட நீயே சொல்லிப்போடு. என்னைய மாட்டி உட்ராத" என்றான். ஆயிரம் அடி ஆழம் துளைக்கிறவனுக்கும் அக்கா என்றால் பயம்தான்.

வசந்தாமணியிடம் மறைப்பதைவிடச் சொல்லிவிடுவதே மேல் என்று பிரியா உடனே கூப்பிட்டாள். நாத்தனாரை அந்தப் பக்கம் நங்கை என்பார்கள். நங்கை முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு பேசினாள்.

"எங்கூட்டுக்காரரு கை படாத வண்டி இந்தச் சுத்துவட்டாரத்துல இருக்குதா? சொந்த மாப்பிள்ளை ஒர்க்‌ஷாப்ப உட்டுப்போட்டுத் தம்பி பொண்டாட்டி கவருமெண்டு மிஷினத் தேடிப் போறான்னா, ஊரு என்ன பேசும்? அவரு தொழிலுக்கே கேவலமில்லையா?"

"அண்ணன் வேலையக் குத்தம் சொல்லலீங்க நங்கை. அந்த வண்டில நம்ம தனாவுந்தானுங்க போறா. ஒருக்காப் பாத்துட்டா என்ற மனசு ஆறிப்போகும்."

"அப்ப எங்க மேல நம்பிக்கை இல்ல?"

போன் வைக்கப்பட்டது. விசேஷத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லுகிற வேகத்தில் வைக்கப்பட்டது. உறவில் இனி எத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்களோ என்று பிரியாவுக்குக் கலக்கமாக இருந்தது. இருந்தாலும் காலையில் எழுந்து, வண்டியைக் கழுவி, தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். வழி முழுக்க நாற்பதைத் தாண்டவில்லை.

சோதனை நிலையத்தில் வண்டிகள் வரிசையில் நின்றன. பெரும்பாலும் லாரிகள். எல்லாம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்தன. நடுவில் இவளுடைய வேன், ஒரு வருஷ வெயிலில் வெளுத்த மஞ்சளோடு நின்றது. முன்னால் நின்ற லாரியின் டிரைவர் தண்டாயுதபாணி என்பவர் இறங்கி வந்து, வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, பெயிண்டு அடிக்காமயா எப்சிக்கு வந்தீங்க? பொண்ணு பாக்க வாரப்ப மூஞ்சி கழுவாம வந்தாப்பல இருக்குதுங்க."

"பொண்ணுக்கு ஒடம்புக்கு என்னன்னு பாக்கத்தானுங்க வந்தேன்" என்றாள் பிரியா. அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

ஒன்றரை மணி நேரத்தில் அவள் முறை வந்தது. நாள் முழுக்க இல்லை. உள்ளே இருந்த அதிகாரி அப்ரார் முப்பது வயதுக்குள்தான் இருப்பார், சேலத்துக்காரர். காகிதங்களை வாங்கிச் சரிபார்த்தார். பிரியா குரலைத் தாழ்த்தி, "வேற யாரையாச்சும் பாக்கோணுமுங்களா சார்?" என்று கேட்டாள். இந்த மாதிரி இடங்களில் கேட்டு வைப்பது நல்லது என்று ஊரே சொல்லியிருந்தது.

அப்ரார் தரையில் பதித்திருந்த இரும்பு உருளைகளைக் காட்டினார். "இதைத்தாங்க பாக்கணும். வேற யாரும் இல்லைங்க."

விளக்கு, ஹாரன், புகை எல்லாம் பார்த்தார்கள். டயர் பட்டைகளின் ஆழத்தையும் அளந்தார்கள், சொந்த டயரே தேறிவிட்டது. பிறகு முன் சக்கரங்கள் இரண்டையும் உருளைகளின் மேல் ஏற்றச் சொன்னார் அப்ரார். உருளைகள் சக்கரங்களைச் சுழற்றின. மிதிக்கச் சொன்னபோது அவள் மிதித்தாள். எதிரே சுவரில் இருந்த பெரிய திரையில் எண்கள் வந்தன. இடது இருநூற்று நாற்பது, வலது இருநூற்று ஐம்பது. இரண்டும் பச்சை.

"சூப்பர். இப்ப பின் சக்கரம்."

பின் சக்கரங்கள் ஏறின. மிதித்தாள். வலது பக்கம் உருளை உறுமி நின்றது. இடது பக்கம் தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டே இருந்தது. திரையில் வலது நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இடது ஆறு. ஆறு மட்டும் சிவப்பாக இருந்தது.

"இன்னொரு தடவை மிதிங்க. நல்லா."

மூன்று தடவை மிதித்தாள். மூன்று தடவையும் ஆறு.

அப்ரார் அருகே வந்து ஜன்னல் வழியாகச் சொன்னார். "பின்னாடி இடது சக்கரத்துல பிரேக்கே இல்லைங்க. ஒரு பக்கம் பிடிக்குது, ஒரு பக்கம் பிடிக்கலை. அவசரமா மிதிச்சா வண்டி வலது பக்கமா இழுத்துட்டுப் போகுமே? உங்களுக்குத் தெரியலையா?"

தெரியலையா என்று கேட்டாரே, அந்த ஒரு கேள்வி போதும். பிரியாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. பயம் இல்லை, பிரமை இல்லை, ரோடு இல்லை. ஒரு வருஷமாக அவள் உடம்பு சொன்னதைத்தான் திரை சிவப்பில் எழுதிக் காட்டியிருந்தது. முதலில் அவளுக்கு அழுகை வந்தது, உடனே சிரிப்பும் வந்தது. இரண்டையும் சேர்த்து முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"வண்டி பெயிலுங்க" என்றார் அப்ரார், அவளுக்குச் சரியாகப் புரியவில்லையோ என்று.

"ரொம்பச் சந்தோசமுங்க சார்."

அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை. "சரி பண்ணிட்டு வாங்க, மறுபடி பாத்துத் தரோம். அதுவரை பிள்ளைகளை ஏத்தாதீங்க" என்று சொல்லி, அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தார்.

பிரியா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கதிர்வேலுக்குப் போன் செய்தாள். ஒரு மணி நேரத்தில் பைக் வந்தது. பின்னால் வசந்தாமணியும் உட்கார்ந்திருந்தாள். சண்டை என்று வந்தால் சாட்சியாவது வேண்டுமே.

"பிரேக்கே இல்லையாமா? எவன் சொன்னான்?" கதிர்வேலுக்கு முகம் சிவந்திருந்தது. அப்ராரிடம் நேராகப் போனார். "இருவது வருசமா வண்டி பாக்கற கையி சார் இது. பெடலு கல்லாட்ட நிக்குது. உங்க மிஷினைய மொதல்ல ரிப்பேரு பாருங்க."

அப்ரார் வாக்குவாதம் செய்யவில்லை. "நீங்களே ஏறி மிதிங்கண்ணே" என்றார்.

கதிர்வேல் ஏறினார். பின் சக்கரங்களை உருளையில் நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். வலது உருளை நின்றது. இடது சுழன்றது. ஆறு. அவர் காலை எடுத்து மறுபடி மிதித்தார். ஆறு. ஜன்னலில் தலையை நீட்டிப் பின்னால் திரும்பி அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். அது அவரைச் சட்டை செய்யாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

வேனை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, தரையில் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெளியே அவருடைய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. ஸ்பானர் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. கால்கள் அசையவே இல்லை. வசந்தாமணி குனிந்து, "ஏனுங்க?" என்றாள்.

வெகுநேரம் கழித்து அவர் வெளியே வந்தார். எழுந்து நிற்கவில்லை. அங்கேயே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"டம்மி" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவரே சொன்னார்.

போன வருஷம் இதே மே மாதம், எப்சிக்கு வண்டி போகிற அன்று காலையில், பின் இடது சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் சிலிண்டரில் ஆயில் ஒழுகியிருக்கிறது. அன்றைக்கு ஊரில் மாரியம்மன் நோம்பி, சாமான் கடை எல்லாம் அடைப்பு. சிலிண்டர் கிடைக்காது. அந்தச் சக்கரத்துக்கு ஆயில் போகிற குழாயை மட்டும் ஒரு அடைப்பானைப் போட்டு அடைத்துவிட்டார். மற்ற மூன்று சக்கரமும் பிடிக்கும், ஆயில் ஒழுகாது, பெடலும் கெட்டியாக நிற்கும். வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க மெக்கானிக்குகள் எல்லோரும் செய்வதுதான். அதற்குப் பெயர்தான் டம்மி. இரண்டு நாளில் புது சிலிண்டர் மாற்றிவிடலாம் என்று நினைத்தார். மறுநாளே ஒர்க்‌ஷாப்பில் எட்டு வண்டிகள் வந்து நின்றன, அதற்கடுத்த நாள் ஆறு. மறந்துபோனது. வண்டி அப்போது பெயிண்ட் மினுக்கிக்கொண்டு எப்சியும் வாங்கிவிட்டது. சக்கரம் சக்கரமாகப் பிடித்துப் பார்க்க இந்த மாதிரி இயந்திரம் அப்போது இல்லை. பிரியா சொன்ன போதெல்லாம் அவர் பெடலைத்தான் மிதித்துப் பார்த்தார். பெடல் கல் மாதிரி நின்றதே அந்த அடைப்பானால்தான்.

வசந்தாமணி வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டாள். "ஒரு வருசமா எம்புள்ள இந்த வண்டிலதான போனா" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. கதிர்வேல் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்று தடவை சொன்னேனே என்று கேட்க பிரியாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்டிருந்தால் அதில் தப்பும் இல்லை. ஆனால் எண்ணெய் வழியும் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிற அந்த மனிதரிடம் எதைக் கேட்பது? அதுவும் போக, அவளுக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. பேய் என்ன பேய் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பேயை ஓட்டிவிடலாம்.

"எந்திரிங்கண்ணா. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"ஆகியிருந்தா அம்மிணி?"

அப்ரார் உள்ளேயிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கதிர்வேல் குடித்துவிட்டு, "மிஷினு சரியாத்தான் இருக்குதுங்க சார்" என்றார்.

அடுத்த இரண்டு நாளும் ஒர்க்‌ஷாப்பில் மற்ற வண்டி எதையும் அவர் தொடவில்லை. டம்மியைக் கழற்றி எறிந்தார். பின்னால் இரண்டு பக்கமும் புது சிலிண்டர், புது பிரேக் லைனர். எல்லாம் தன் கையால்தான் செய்தார், வேலையாட்களைக் கிட்டவே விடவில்லை. பெயிண்டர் டப்பாவோடு வந்து நின்றபோது, "பெயிண்டுக்கு என்ன அவசரம்? இன்னொரு நாளு பாக்கலாம் போ" என்று திருப்பி அனுப்பினார். அதோடு நின்றாலும் பரவாயில்லை. எப்சிக்கு வந்து நின்ற மற்ற வண்டிக்காரர்களையும் கூப்பிட்டு, "மொதல்ல அந்த மிஷின்ல காட்டிட்டு வாங்க, அது சொல்ற வேலைய நான் பாக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார். வெயில் அதிகமானதில் மூளை கலங்கிவிட்டதோ என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

மறுசோதனைக்கு எல்லோரும் ஒட்டுக்காகப் போனார்கள். போகும்போது கதிர்வேலே ஓட்டினார், பிரியா அவருக்குப் பக்கத்தில், வசந்தாமணியும் தனப்பிரியாவும் பின்னால். லீவு நாளில் ஜன்னலோர இடத்துக்குப் போட்டியே இல்லை என்பதில் தனப்பிரியாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

நிலையத்தில் பிரியா ஸ்டியரிங்குக்கு மாறி உட்கார்ந்து, பின் சக்கரங்களை உருளையில் ஏற்றினாள். பிரியா மிதித்தாள். இரண்டு உருளையும் ஒரே நேரத்தில் உறுமி நின்றன. வலது இருநூற்று ஐந்து. இடது இருநூற்று இரண்டு. இரண்டும் பச்சை.

வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. வசந்தாமணி கண்ணை மூடிக் கும்பிட்டாள். மாரியம்மனைத்தான் கும்பிட்டிருப்பாள், ஆனால் முகம் திரையைப் பார்த்து இருந்தது. அப்ரார் கையெழுத்திட்ட தாளை நீட்டியபோது கதிர்வேல்தான் முந்திக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார்.

திரும்பும் வழியில் பிரியா ஓட்டினாள், கதிர்வேல் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நெடுஞ்சாலையை விட்டுக் கிளைச் சாலையில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும், காட்டிலிருந்து ஆடுகள் நாலைந்து ரோட்டில் ஏறின. பிரியா பிரேக்கை மிதித்தாள். வேன் சட்டென்று இடது பக்கமாக வளைந்து, ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிப் புழுதியோடு நின்றது.

கதிர்வேலுக்கு முகம் வெளிறிப்போனது. "ஏன் அம்மிணி? இப்ப இந்தப் பக்கம் இழுக்குதா?"

பிரியா ஸ்டியரிங்கைப் பார்த்தாள். அது இடது பக்கம் திரும்பியிருந்தது. திருப்பியது அவள் கைதான். அவளைக் கேட்காமலே திருப்பியிருந்தது.

"வண்டி இழுக்கலீங்கண்ணா" என்றாள் மெதுவாக. "நான்தான் ஒடிச்சிருக்கேன். வலது பக்கம் இழுக்குமின்னு, மிதிக்கறப்பவே இந்தப் பக்கம் ஒடிச்சுப் புடிச்சே பழகிருச்சு போல இருக்குதுங்க. இம்புட்டு நாளா எனக்கே தெரியலீங்க."

கதிர்வேல் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷம், காலையும் மாலையும், ஒவ்வொரு நிறுத்தத்திலும், ஒவ்வொரு வேகத்தடையிலும், தான் அடைத்துவிட்டு மறந்த ஒரு சக்கரத்தின் வேலையை அந்த இரண்டு கைகளும் செய்திருக்கின்றன. அவர் கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"எம்புள்ளைய இந்தக் கைதான் ஊடு சேத்திருக்குது சாமி" என்றார். "போதும். இனி அது ஓய்வெடுக்கட்டும். ஆரும் வரலை பாரு. கையி ரெண்டையும் லேசா வெச்சுட்டு மிதி. அது நேரா நிக்கும்."

ஆடுகள் போய்விட்டன. ரோடு வெறுமனே கிடந்தது. பிரியா வண்டியை ரோட்டில் ஏற்றி, முப்பதில் ஓட்டி, கையை இளக்கிக்கொண்டு மிதித்தாள். கை மறுபடியும் இடது பக்கம் போனது. இன்னொரு தடவை. அப்போதும் போனது. "திருப்பாதீங்க அத்தை!" என்று பின்னாலிருந்து தனப்பிரியா கத்தினாள். அவளுக்கு இது நல்ல விளையாட்டாக இருந்தது. வசந்தாமணிகூட வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, கை சும்மா இருந்தது. வேன் ரோட்டின் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே, பிசகாமல், நேராகப் போய் நின்றது. பிரியா என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பி, அவர்களை வீட்டில் இறக்கிவிடப் போனாள்.